வரைபடத்தில் இல்லாத வாய்க்கால்

திருச்சி தில்லை நகரில் தெருக்களுக்கு எண்தான் பெயர். 'ஏழாவது கிராஸ்', 'பத்தாவது கிராஸ்' என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார். அந்தக் குறுக்குத் தெருக்களில் ஒன்றில் ஒரு பழைய மாடி வீடு. கூடத்துச் சுவரில் சாமி படத்துக்கும் காலண்டருக்கும் நடுவே கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு வரைபடம் தொங்குகிறது. டிரேசிங் தாளில் கறுப்பு மையால் கையால் வரைந்தது. வயல், வரப்பு, வாய்க்கால், மடை எல்லாம் இருக்கின்றன. மூலையில் அளவுகோலும் இருக்கிறது. ஆனால் வடக்கைக் காட்டும் அம்புக்குறி மட்டும் மேலே பார்க்காமல் வலப்பக்கம் பார்க்கிறது.

வீட்டுக்கு வருகிறவர்களில் இன்ஜினீயர் யாராவது இருந்தால், "மாட்டும்போது திருப்பி மாட்டிட்டீங்களா?" என்று கேட்பதுண்டு.

சரியாகத்தான் மாட்டியிருக்கிறார்கள். வரைந்தவருக்கும் அது உறுத்திக்கொண்டேதான் இருந்தது. அவர் பொதுப்பணித் துறையில் முப்பத்தேழு வருஷம் டிராஃப்ட்ஸ்மனாக இருந்தவர். வடக்கை எங்கே போட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல வரைய வைத்தவர் அண்ணன். அண்ணன் சொன்னால் சொன்னதுதான்.

இருவருமே இப்போது இல்லை. அண்ணன் 2020 மாசியில் போனார். தம்பி 2022-ல். சொந்தக்காரர்கள் மத்தியில் அவர்களுக்குப் பெயரே மறந்துபோய்விட்டது. பெரியவர், சின்னவர். அவ்வளவுதான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பெரியவர் பிறந்தது 1934 ஆவணியில். அந்த ஆகஸ்ட் 21-ம் தேதிதான் மேட்டூர் அணை திறந்தது. அதனால் வயதைக் கணக்குப் போட அந்தக் குடும்பத்தில் பஞ்சாங்கம் தேவைப்படவில்லை. மேட்டூருக்கு எத்தனை வயசோ அத்தனை வயசு அவருக்கு. சின்னவர் ஏழு வருஷம் இளையவர். லால்குடிப் பக்கம் ஒரு கிராமம். காவிரித் தண்ணீரைக் கொள்ளிடத்துக்கு வடக்கே கொண்டுவரும் அய்யன் வாய்க்கால் பாசனம். நிலம் ஒரு வேலி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொன்னால் இருபது மா, ஆறரை ஏக்கர் சொச்சம். வாழையும் நெல்லும் மாறி மாறி.

1949-ல் அப்பா காய்ச்சலில் போனார். பெரியவருக்குப் பதினைந்து வயது. எட்டாம் வகுப்போடு பை மூலைக்குப் போனது, மண்வெட்டி கைக்கு வந்தது. அப்போது யாரும் கூடி உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. டெல்டாவில் ஆயிரம் வீடுகளில் நடந்த ஏற்பாடுதான் அது. இரண்டு பையன் இருந்தால் ஒருவன் வயலுக்கு, ஒருவன் பள்ளிக்கூடத்துக்கு. மூத்தவன் வயலுக்குப் போவான், இளையவன் படிப்பான். படித்தவன் சம்பளத்தில் உரமும் மோட்டாரும் வாங்க வேண்டும், உழுதவன் நெல்லில் படித்தவன் வீட்டு உலை கொதிக்க வேண்டும். எழுதப்படாத ஒப்பந்தம். பல வீடுகளில் இது இரண்டு தலைமுறை ஓடியிருக்கிறது. சில வீடுகளில் கோர்ட்டில் முடிந்திருக்கிறது.

இதில் கணக்கில் வராதவர்களும் உண்டு. சின்னவர் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வரைவாளர் படிப்பில் சேர்ந்தபோது, 1959-ல், ஃபீஸுக்கு அடகுக்குப் போனது அண்ணியின் கழுத்துச் சங்கிலி. கல்யாணமாகி மூன்று வருஷம்கூட ஆகாத பெண். வேலைக்குச் சேர்ந்து முதல் வருஷச் சம்பளத்தில் சின்னவர் மீட்டுக் கொடுத்தார். அதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். மீட்கிற வரைக்கும் அந்த அம்மாள் மூன்று வருஷம் மஞ்சள் கயிற்றோடு சொந்தக்காரர் கல்யாணங்களுக்குப் போனதை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதேபோல, பெரியவர் வயலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். குனிந்து நாற்று நட்ட பெண்களும் போரடித்த ஆட்களும் அந்தப் பேச்சில் 'ஆள் விட்டோம்' என்ற இரண்டு வார்த்தையில் வந்து போய்விடுவார்கள்.

சின்னவர் 1962-ல் வேலைக்குச் சேர்ந்தார். ஆறு, வாய்க்கால், மதகு. இவைதான் அவருடைய மேஜை. டிரேசிங் துணியில் கோடு இழுப்பதும் புளூபிரிண்ட் எடுப்பதும். அண்ணனுக்கு வாய்க்கால் என்பது காலில் ஓடுவது. தம்பிக்கு அதே வாய்க்கால் காகிதத்தில் ஓடியது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் இதை வைத்தே சண்டை. 'அந்த வளைவுல தண்ணி எக்காது அண்ணே, மட்டம் அப்படி' என்பார் தம்பி. 'போன மாசம் நான்தான்டா பாய்ச்சினேன்' என்பார் அண்ணன்.

ஆனால் புதுசு எது வந்தாலும் தம்பி சொன்னால் அண்ணன் அரை ஏக்கரிலாவது போட்டுப் பார்ப்பார். 1966-ல் ஐ.ஆர்.எட்டு நெல் வெளிவந்து ஊரெல்லாம் பேச்சான பிறகு, அடுத்த பட்டத்திலேயே அவர் வயலில் அது நின்றது. குட்டைப் பயிர், சாயவில்லை, மூட்டை மூட்டையாகக் கண்டது. சோறுதான் சரியில்லை, ஆறினால் விறைத்துக்கொள்ளும். "உங்க ஐ.ஆர்.எட்டைத் தின்ன ஒரு பல்லு ஐ.ஆர்.எட்டும் கண்டுபிடிக்கச் சொல்லு" என்று தம்பிக்குச் சொல்லி அனுப்பினார். வீட்டுச் சாப்பாட்டுக்கென்று கிச்சிலிச் சம்பா தனியாக இருந்தது. பிறகு பொன்னி வந்தது. பொன்னி வந்த பிறகு அவர் வேறு எதையும் வீட்டுக்கு வைக்கவில்லை.

அந்த அரிசிதான் மாதா மாதம் திருச்சிக்கு வரும். மாதத்தின் முதல் சனிக்கிழமை, கோணி ஊசியால் வாய் தைத்த இருபத்தைந்து கிலோ சிப்பம். முதலில் பாசஞ்சர் ரயிலில் டவுன் ஸ்டேஷனுக்கு. பிறகு டவுன் பஸ்ஸில் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு. காலிச் சாக்கு மடித்துத் திரும்பிப் போகும். வெறும் சாக்காகப் போகாது. உள்ளே காப்பித்தூள், தைலம், குழந்தைகளுக்கு நோட்டுப் புத்தகம், தீபாவளி என்றால் வேட்டி.

1977 நவம்பர் வெள்ளத்தை திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்னவர் அப்போது உறையூரில் வாடகைக்கு இருந்தார். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மாடி வீட்டுக்காரர் தயவில் குழந்தைகளோடு இரண்டு நாள். மூன்றாம் நாள் காலையில் தெருமுனையில் ஓர் உருவம். தலையில் சாக்கு, கையில் செருப்பு. பஸ் ஓடவில்லை. லால்குடியிலிருந்து கொள்ளிடம் பாலமும் காவிரிப் பாலமும் தாண்டி நடந்தே வந்திருந்தார் பெரியவர். "சனிக்கிழமை வர முடியல" என்றாராம். தாமதத்துக்குச் சொன்ன காரணம் அவ்வளவுதான்.

தில்லை நகரில் சின்னவர் வீடு கட்டியது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. வாசற்படி மற்ற வீடுகளைவிட மூன்று படி உயரம். இன்றைக்கும் மூட்டு வலிக்காரர்கள் அந்தப் படியைத் திட்டிக்கொண்டே ஏறுகிறார்கள்.

1983-ல் பாகப் பத்திரம் பதிவானது. சண்டை எதுவும் இல்லை. பிள்ளைகள் வளர்கிறார்கள், எழுதி வைத்துவிடலாம் என்று எழுதியது. பத்து மா பெரியவருக்கு, பத்து மா சின்னவருக்கு. சாலையோரப் பாதி சின்னவருக்கு விழுந்தது. பயிர் செய்தது எல்லாவற்றிலும் பெரியவர்தான். பாதி நெல் தம்பிக்கு அளந்துவிடுவார்.

அப்புறம் 2002 வந்தது, 2003 வந்தது. இரண்டு வருஷமும் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போயிற்று. செப்டம்பர், அக்டோபர் என்று திறந்த தண்ணீரை நம்பிச் சம்பா போட்டவர்கள் பாதிக்குப் பாதி நட்டம். அந்தச் சமயத்தில்தான் லால்குடி சாலையில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த கற்கள் வரிசையாக முளைக்க ஆரம்பித்தன. மனைப் பிரிவு. சின்னவருக்குக் கடைசிப் பெண் கல்யாணம். மகனுக்கு வெளிநாட்டில் மேற்படிப்பு. கையில் இருந்ததோ ஓய்வூதியம். சாலையோரப் பத்து மாவுக்கு வந்த விலை, அதுவரை அந்தக் குடும்பத்தில் யாரும் ஒரே தாளில் எழுதிப் பார்த்திராத தொகை.

விற்கப்போவதை அண்ணனிடம் சொல்லத்தான் செய்தார். "உன் பாகம், உன் இஷ்டம்" என்றார் பெரியவர். மனசு ஒப்பிச் சொன்னாரா என்பது வேறு. சொன்னது அதுதான்.

2004-ல் கிரயப் பத்திரம் முடிந்தது. மனை போட வந்தவர்கள் மூன்றே நாளில் மண்ணடித்து நிரவினார்கள். முப்பத்தெட்டு மனை, நடுவில் தெரு. நிரவிய மண்ணுக்கு அடியில் ஒரு கன்னி வாய்க்காலும் போயிற்று.

விஷயம் இதுதான். பெரிய வாய்க்கால் மடையிலிருந்து பெரியவர் வயலுக்குத் தண்ணீர் நேராக வராது. சாலையோர வயல் வழியாக, தாத்தா காலத்தில் குடும்பமே வெட்டிக்கொண்ட ஒன்றரை முழ அகல வாய்க்காலில்தான் வரும். இருபது மாவும் ஒரே கையில் இருந்தவரைக்கும் அதைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பட்டா நிலத்துக்குள் இப்படி வெட்டிக்கொள்ளும் வாய்க்கால்கள் பல நேரம் எந்த வரைபடத்திலும் ஏறுவதில்லை. கிராம வரைபடத்தில் இல்லை, புலப்படத்திலும் இல்லை. பத்திரத்தில் 'மாமூல் வாய்க்கால் பாத்தியம்' என்று ஒரு வரி சேர்த்தால்தான் அதற்கு உயிர். விற்ற பத்திரத்தில் அந்த வரி இல்லை.

முப்பத்தேழு வருஷம் வாய்க்கால் வரைந்த மனிதர் அந்தப் பத்திரத்தைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். புலப்படத்தையும் பார்த்தார். படத்தில் வாய்க்கால் இல்லை. அதில் காகிதக் கப்பல் விட்டு வளர்ந்தவர், ஆடிப்பெருக்கன்று சப்பரத்தட்டியை அதன் கரையில் இழுத்தவர், அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது படத்தைத்தான் பார்த்தார். வேண்டுமென்றே செய்தாரா? குடும்பத்தில் அப்படி நினைத்தவர்களும் உண்டு. அவருடைய மனைவி அப்படி நினைக்கவில்லை. "அவருக்குக் காகிதத்துல இல்லைன்னா இல்லைதான். ஆபீஸ் புத்தி" என்பார். எப்படிப் பார்த்தாலும் வயலுக்குத் தண்ணீர் நின்றது என்னவோ நிஜம்.

முறைத் தண்ணீர் திறந்த அன்று பெரியவர் மண்வெட்டியோடு போனார். மடை இருந்தது, வாய்க்கால் இல்லை. வெள்ளைக் கல்தான் இருந்தது. அங்கிருந்து அப்படியே பஸ் ஏறித் தில்லை நகர் வந்தார். காலில் காய்ந்த சேறு. மூன்று படி ஏறினார், உள்ளே வரவில்லை.

"தண்ணி வர்ற வழியை வித்துட்டியே தம்பி."

திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அண்ணனும் தம்பியும் பேசவில்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை போகும், பிள்ளைகள் வருவார்கள், அவர்கள் இருவரும் எதிரெதிர்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

ஆனால் முதல் சனிக்கிழமை அரிசி வந்தது.

பத்திரம் முடிந்த மாதத்திலும் வந்தது, அதற்கு அடுத்த மாதமும் வந்தது. பெரியவரின் மகன் டி.வி.எஸ். வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சித்தியிடம் காப்பி குடித்துவிட்டுப் போவான். சித்தப்பா உள் அறையில் இருப்பார். காலிச் சாக்கும் மடித்துப் போனது. சின்னவர் மனைவி அதற்குள் முழங்கால் தைலமும் சர்க்கரை மாத்திரையும் வைப்பார். பெரியவர் வேண்டாமென்று திருப்பி அனுப்பியதில்லை, கிடைத்தது என்று சொல்லியனுப்பியதும் இல்லை. தண்ணீருக்குப் பதிலாகப் பெரியவர் ஆழ்குழாய்க் கிணறு போட்டிருந்தார், கடன் வாங்கி. அந்தக் கடனைப் பற்றிக் கேள்விப்பட்டு, சின்னவர் ஒருமுறை சாக்குக்குள் பணம் வைத்து அனுப்பினார். அடுத்த மாதம் அரிசிக்குள் அந்தப் பணம் அப்படியே வந்தது, அதே கவரில்.

2012-ல் மறுபடியும் மேட்டூர் ஜூனில் திறக்கவில்லை. செப்டம்பர் 17 ஆயிற்று. மழையும் ஏமாற்றியது. மாநிலமே வறட்சி என்று அறிவித்த வருஷம் அடுத்து வந்தது. ஆழ்குழாயில் காற்று வந்தது. பெரியவர் வயலில் அந்தப் பட்டம் ஒன்றுமே இல்லை. ஆனாலும் தை மாதம் முதல் சனிக்கிழமை சிப்பம் வந்தது. அதே சாக்கு, அதே கோணி ஊசித் தையல்.

சின்னவர் மனைவி உலையில் போட்டதுமே தெரிந்துகொண்டார். கடை அரிசி. நன்றாகத் தீட்டியது, தவிட்டு வாசனை இல்லை, ஒன்றோடொன்று ஒட்டாத சோறு. கடையில் வாங்கி, பாலித்தீன் பையைப் பிரித்து, தன் சாக்கில் கொட்டி, தன் கையால் தைத்து அனுப்பியிருக்கிறார் மனிதர். எழுபத்தெட்டு வயதில். அந்த அம்மாள் கணவருக்குச் சோறு போட்டார். "ஊர் அரிசி இந்த வருஷம் வேற மாதிரி இருக்கே" என்றார் சின்னவர். "புது நெல்லு" என்றார் அவர். அப்படியே விட்டுவிட்டார். நான்கு மாதம் வந்தது கடை அரிசி.

2015 ஐப்பசியில் பெரியவரின் மனைவி இறந்தார். சங்கிலி கொடுத்த அண்ணி. காரில் லால்குடி போகும் வழியில்தான் அந்த அரிசிக் கதையை மனைவி சொன்னார். சின்னவர் எதுவும் பேசவில்லை. நடுவழியில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, சாலையோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஏறிக்கொண்டாராம்.

சுடுகாட்டுக்கு வயல் வழியாகத்தான் போக வேண்டும். மழை பெய்த வரப்பு. முன்னால் அண்ணன், பின்னால் எழுபத்து நான்கு வயதுத் தம்பி, நகரத்துச் செருப்போடு. பெரியவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"வழுக்கும். என் கால் வச்ச எடத்துல வச்சு வா."

பதினோரு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அதுதான். மன்னிப்பு என்ற சொல் அதற்கு முன்பும் பின்பும் அந்த வீட்டில் புழங்கவில்லை.

அடுத்த வருஷம் பெரியவர் கண் புரை அறுவைக்காகத் தில்லை நகர் வந்தார். பத்து நாள் என்று வந்தவர். ஒரு கண், பிறகு இன்னொரு கண், பிறகு மூட்டு, பிறகு சர்க்கரை. தில்லை நகரில் இதற்கெல்லாம் பஞ்சமே இல்லை. "நம்ம ஊர்ல தெருவுக்கு ஒரு கோயிலு. இங்க தெருவுக்கு மூணு டாக்டரு" என்பார். நிலத்தை மகன் பார்த்துக்கொண்டான். அவர் இங்கேயே தங்கிவிட்டார்.

காலையில் இருவரும் புத்தூர்ப் பக்கம் உய்யக்கொண்டான் வாய்க்கால் வரை நடப்பார்கள். ராஜராஜ சோழனின் பட்டப் பெயரைத் தாங்கிய வாய்க்கால். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, நகரத்துக்கு நடுவே புகுந்து, கிழக்கே வாழவந்தான்கோட்டைப் பக்கம் வரை போகிறது. நகரத்துக்குள் அது படும் பாட்டைச் சொல்ல வேண்டாம். பெரியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தில் நின்று கீழே பார்ப்பார். "இதுலயா பாய்ச்சறாங்க?" "கீழ பாய்ச்சறாங்க அண்ணே. இன்னிக்கும் ஆயக்கட்டு இருக்கு." "பாவம்." இது தினசரி உரையாடல்.

2018 ஜூலையில் மேட்டூர் 120 அடி நிரம்பியது. ஆகஸ்டில் கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடியது. 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. புதுப் பாலம் வந்த பிறகு போக்குவரத்து நிறுத்திவைத்திருந்த பாலம்தான், என்றாலும் திருச்சியே திரண்டு போய்ப் பார்த்தது. இவர்களும் போனார்கள். பெரியவர் அந்தப் பாலத்தில் வாழைத்தார் ஏற்றிய வண்டியைக் காந்தி மார்க்கெட்டுக்கு எத்தனை தடவை ஓட்டியிருப்பாரோ. வெள்ளத்தில் தலையில் அரிசியோடு நடந்ததும் அதில்தான். நாலைந்து நாளில், 22-ம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டியது. சின்னவருக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மதகுகளை அவர் எத்தனையோ தடவை காகிதத்தில் இழுத்திருக்கிறார். ஒவ்வொன்றின் எண்ணும் மனப்பாடம்.

மறுநாள் திண்ணையில் பெரியவர் கேட்டார்: "உங்க மேப்புல இருக்கறதே போயிடுது. மேப்புல இல்லாதது என்னடா ஆகும்?"

சின்னவர் பதில் சொல்லவில்லை. மாடிக்குப் போய், பதினெட்டு வருஷமாகத் திறக்காத டிராயிங் பலகையைத் தூசி தட்டி இறக்கிக்கொண்டு வந்தார்.

அந்த மழைக்காலம் முழுக்க அதே வேலை. பெரியவர் சொல்ல வேண்டும், சின்னவர் வரைய வேண்டும். முதல் தகராறு அளவில் வந்தது. பெரியவர் கணக்கு எல்லாம் 'கூப்பிடு தூரம்', 'வெத்தலை போட்டு மெல்லற தூரம்', 'நாப்பது எட்டு' என்றுதான் இருந்தது. எட்டு என்றால் எத்தனை அடி? சின்னவர் டேப்பை எடுத்துக்கொண்டு அண்ணனைத் தெருவில் நடக்க விட்டார். கேட்டிலிருந்து முனை வரை, மூன்று முறை. அக்கம்பக்கம் வேடிக்கை பார்த்தது. சராசரி போட்டுச் சொன்னதும் பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "இது கெழவன் எட்டு. அப்ப நான் எட்டி வைப்பேன்." எட்டுக்கு அரை அடி கூட்டிக்கொள்வதென்று சமரசம் ஆயிற்று. படத்தின் அளவுகோலுக்குப் பின்னால் இருக்கும் கதை இதுதான்.

அடுத்த தகராறு வடக்கு. சின்னவர் தாளின் மேல்பக்கம் வடக்கு என்று வைத்துத்தான் தொடங்கினார். பெரியவருக்குத் தலை சுற்றியது. "தண்ணி இடது பக்கத்துலேர்ந்தா வரும்? மேலேர்ந்து வரும்டா." அவருக்கு மேற்குதான் மேல். மேட்டூர் அங்கே, முக்கொம்பு அங்கே. கிழக்கு கீழ், கடல் பக்கம். ஊரில் 'மேல வயல்', 'கீழ வயல்' என்றால் யாரும் வடக்கு தெற்கைக் குழப்பிக்கொள்வதில்லை. தமிழில் திசைக்குப் பெயர் வந்த வழியே அதுதானே. சின்னவர் மூன்று நாள் பிடிவாதமாக இருந்தார். நான்காம் நாள் புதுத் தாள் எடுத்தார்.

நாவல் மரத்து மடை, ஒற்றைப் பனை, எந்த வரப்பில் பாம்புப் புற்று, எந்த மூலையில் தண்ணீர் தேங்கி நிற்கும், யாருக்குப் பிறகு யாருடைய முறை, ராத்திரி முறை என்றால் யார் வீட்டில் அரிக்கேன் கடன் வாங்குவது வரைக்கும் பெரியவர் சொன்னார். கடைசியாகச் சொன்னதைத் தவிர எல்லாவற்றையும் சின்னவர் குறித்துக்கொண்டார். மேலிருந்து கீழாக, மடை மடையாக வந்து, ஒரு நாள் மாலை சாலையோரப் பத்து மாவுக்கு வந்துசேர்ந்தார்கள்.

பேனா நின்றது.

"போடு" என்றார் பெரியவர். "இதுலதான் வந்துச்சு."

கொஞ்ச நேரம் கழித்துச் சின்னவர் கேட்டார்: "கோடாப் போடவா, புள்ளியாப் போடவா அண்ணே?"

"புள்ளி எதுக்குப் போடுவீங்க உங்க ஆபீஸ்ல?"

"இப்ப இல்லாததுக்குப் போடுவோம். இனிமே வரப் போறதுக்கும் போடுவோம்."

"அப்பப் புள்ளியே போடு."

மனை எண்களை மெல்லிய கோட்டில் போட்டுவிட்டு, அவற்றுக்குக் குறுக்கே புள்ளி புள்ளியாக அந்த வாய்க்காலை இழுத்தார் சின்னவர். தெருவுக்கு எந்தப் பக்கம், எத்தனை அடி உள்ளே என்பது உட்பட. 2019 தை மாதம் படம் முடிந்தது. அடுத்த வருஷம் மாசியில் பெரியவர் தூக்கத்தில் போனார்.

அந்த 2020 ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தது. எட்டு வருஷம் கழித்து, குறித்த நாளில். ஊரடங்கு நாட்கள். மாவட்டத்துக்குள் போக அனுமதி இருந்ததால், நாலைந்து நாள் கழித்துச் சின்னவர் முகக்கவசத்தோடு காரில் ஊருக்குப் போனார். கையில் படத்தின் நகல் ஒன்று. அண்ணன் மகனோடு மனைப் பிரிவின் தெருவில் நின்று, டேப் பிடித்து, இரண்டு இடத்தில் சுண்ணாம்பால் குறி போட்டார். முப்பத்தெட்டு மனையில் அப்போது பதினொன்றில் வீடு வந்திருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தள்ளி நின்று, தெரு ஓரமாகத் தரைக்கடியில் ஒரு சிமென்ட் குழாய் போக வேண்டும், செலவு தன்னுடையது என்று சொன்னார். ஒன்பது வீட்டார் சரி என்றார்கள். இருவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அந்த இருவரில் ஒருவர் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறார். குழாய் முக்கால்வாசி தூரம் வந்து நிற்கிறது.

அசல் படம் தில்லை நகர்க் கூடத்தில் இருக்கிறது. சின்னவர் போன பிறகு, சட்டம் போட எடுத்துப்போன கடைக்காரப் பையன் வடக்கு அம்பைப் பார்த்து, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, படத்தைப் பக்கவாட்டில் வைத்து ஆணியடித்துக் கொண்டுவந்தான். சின்னவரின் மனைவி வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். "மேற்கு மேலதான் இருக்கணும் தம்பி. தண்ணி அங்கேர்ந்துதான் வரும்."